குழந்தையோடு காட்டு வான்கோழி வேட்டை: பொம்மைப் பறவைகளை வைக்கும் முழு வழிமுறை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் பெரியவர்களுக்கான வான்கோழிப் பருவம் தொடங்கும் முன் ஒரு சனி, ஞாயிறு சிறுவர்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது. அந்த வார இறுதிக்குப் பிள்ளையை முதல் தடவையாகக் கூட்டிப் போகும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தனியாகப் பல வருடம் வேட்டைக்குப் போய்ப் பழகியவர்கள்கூட, பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்ததும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பொம்மை வான்கோழி (கடையில் டிகாய் என்று கேளுங்கள்) சேவலை வரவழைக்கும் சாமான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிள்ளையோடு போகும்போது அதற்கு வேறு பெரிய வேலைகள் இருக்கின்றன. சேவலின் கண்ணைப் பிள்ளையின் பக்கம் வரவிடாமல் பொம்மை தன்மேல் பிடித்து வைக்கிறது. வந்த சேவலைக் கொஞ்ச நேரம் ஓரிடத்தில் நிற்க வைக்கிறது. துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்க்கப் பிள்ளைக்கு அந்த நேரம் கட்டாயம் வேண்டும். எந்தத் தூரத்தில் சுடலாம் என்பதையும் அதுவே தரையில் காட்டி நிற்கிறது. அதனால் பொம்மையை எங்கே நடுவது என்பதைப் பிள்ளையின் துப்பாக்கியும் கையும் முடிவு செய்யட்டும். கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. அனுமதியும் விதிகளும்

சிறுவர் வார இறுதியில் 6 முதல் 15 வயதுவரை உள்ளவர்கள் சுடலாம். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காத பிள்ளையோடு தகுதியுள்ள பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் பெரியவர் சுடக் கூடாது. ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு துப்பாக்கிதான். பெரியவருக்கும் இது நல்லது. கை சும்மா இருந்தால்தான் கண் பிள்ளைமேல் இருக்கும்.

ஒரு பிள்ளைக்கு ஒரு பறவை. அது சேவலாகவோ, மார்பில் தாடி (தொங்கும் முடிக் கற்றை) தெரிகிற பறவையாகவோ இருக்க வேண்டும். உயிருள்ள பறவையைக் கட்டி வைப்பதும், பதிவு செய்த குரலை மின்கருவியில் ஒலிக்க விடுவதும், தீனி தூவுவதும் தடை. தீனியைச் சுத்தமாக அள்ளிவிட்டாலும் அடுத்த 10 நாள் அந்த இடம் தீனி போட்ட இடமாகவே கணக்கு. நிலத்துக்காரர் மானுக்கு மக்காச்சோளம் கொட்டுகிறவராக இருந்தால், பொம்மை நட இடம் பார்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேதிகளும் நேரமும் வருடத்துக்கு வருடம் மாறும். மாநில கன்சர்வேஷன் துறை அந்த வருடத்துக்கு வெளியிடும் வான்கோழிக் கையேட்டைப் படித்துவிட்டு அனுமதிச் சீட்டு வாங்குங்கள். வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள கையேடு. பொம்மைகளைப் பற்றியே தனி விதி வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு.

2. பொம்மை வாங்கும் முன் துப்பாக்கியின் தூரம்

புதியவர்கள் முதலில் பொம்மையை வாங்கி, வயலில் கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடத்தில் நட்டுவிட்டு, கடைசியில்தான் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கிறார்கள். அந்த வரிசை தலைகீழானது.

சின்னப் பிள்ளைக்கு .410 அல்லது 20 கேஜ் ஷாட்கன் போதும். அவற்றைவிடப் பெரிய 12 கேஜில் வான்கோழித் தோட்டா போட்டுச் சுட்டால் தோளில் விழும் அடியைப் பிள்ளை மறக்காது. அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு. துப்பாக்கியின் கட்டையும் (தோளில் அணைக்கும் பின்பகுதி) பிள்ளையின் கைக்கு ஏற்ற நீளத்தில் இருக்க வேண்டும். நீளமான கட்டையைப் பிடிக்கும் பிள்ளை பின்னால் சாயும், கன்னம் கட்டையில் ஒட்டாது, குறி மேலே போய்விடும்.

.410 இன்று வான்கோழிக்குப் போதுமானதாக ஆனதற்கு டங்ஸ்டன் ரவைதான் (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள்) காரணம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 11 கிராம். இந்த ரவைக்கு சுமார் 18. அதனால் 9ஆம் எண் போன்ற பொடி ரவையும் நன்றாக ஊடுருவும். ரவை பொடியாக இருப்பதால் ஒரு தோட்டாவில் எண்ணிக்கையும் அதிகம். எண் கூடக் கூட ரவை சிறிதாகும்; மிசௌரியில் 4ஆம் எண்ணை விடப் பெரிய ரவை கூடாது என்பதால் 9 விதிக்குள்தான் வருகிறது. ஆனால் விலை அதிகம். குறியைச் சரி செய்வதற்கும் பழகுவதற்கும் மலிவான லேசான தோட்டாக்களைப் பயன்படுத்துங்கள். விலை உயர்ந்ததைக் கடைசிச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை இப்படி. பெரிய தாளில் 10 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து 20 கஜத்தில் நிறுத்துங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டா, அதே சோக் (ரவை பரவுவதை இறுக்கும் குழல் முனை), துப்பாக்கியை வைக்கும் அதே தாங்கு கால். நீங்கள் சுட்டுப் பார்த்தால் போதாது, பிள்ளை சுட வேண்டும். வட்டத்துக்குள் 100 ரவைக்கு மேல் பரவலாக விழுந்திருந்தால் அந்தத் தூரம் நம்பகமானது என்பது வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. ஐந்தைந்து கஜமாகப் பின்னால் நகர்த்தி, எங்கே ரவை சிதறத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்தத் தூரத்திலிருந்து 5 கஜம் குறைத்ததுதான் உங்கள் எல்லை. காட்டில் பிள்ளையின் நெஞ்சு படபடக்கும் என்பதால்தான் அந்தக் குறைப்பு.

பிறகு 10 கஜத்திலும் ஒருமுறை சுடச் சொல்லுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. இறுக்கமான சோக்கில் அந்தத் தூரத்தில் ரவை எல்லாம் பிள்ளையின் உள்ளங்கை அகலத்துக்குள் போய் விழும். தலை இரண்டு விரல்கடை நகர்ந்தாலே முழுவதும் தவறிவிடும். “கிட்டத்தில் வைத்தால் சுலபம்” என்று பொம்மையை 8 கஜத்தில் நட்டு, கண் முன்னால் நின்ற சேவலைப் பிள்ளை கோட்டை விட்டு அழுவதற்கு இதுதான் காரணம். மிக அருகுக்கும் மிகத் தொலைவுக்கும் நடுவில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு 15 முதல் 20 கஜத்தில், நல்ல தூரம் அமையும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொம்மையின் இடம் அங்கிருந்து வருகிறது.

3. எந்தப் பொம்மைகள்

இரண்டு போதும்: ஒரு பெட்டை, ஒரு இளஞ்சேவல். இளஞ்சேவலை அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஜேக் என்பார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் சேவல்களுக்குள் யார் பெரியவன் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு பெட்டையின் பக்கத்தில் ஒரு வயதுப் பையன் நிற்பதைப் பார்த்த சேவலுக்குக் கோபம் வரும், பயம் வராது. அதனால் நேராக வந்து விரட்டப் பார்க்கும். முழுத் தோகை விரித்த பெரிய சேவல் பொம்மைக்கும் இந்தக் கோபத்தைக் கிளப்பும் வலு உண்டு. ஆனால் அதை எதிர்த்து வருவது அந்த வட்டாரத்தின் பலசாலி மட்டும்தான். அடி வாங்கிப் பழகிய இரண்டு வயதுச் சேவல்கள் தொலைவிலேயே திரும்பிவிடும். பிள்ளைக்கு அந்த இரண்டு வயதுச் சேவலே போதும். தோகை விரித்த பொம்மையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

ஏவியன்-எக்ஸ், டேவ் ஸ்மித் போன்ற நிறுவனங்களின் பொம்மைகள் நிஜப் பறவையைப் போலவே இருக்கும், விலையும் அப்படியே. மடித்து வைக்கும் நுரைப் பொம்மை மலிவு, எடை குறைவு, பிள்ளையே தூக்கி வரும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். மேல்பூச்சு பளபளக்கக் கூடாது, ஏனென்றால் காலை வெயிலில் பிளாஸ்டிக் மின்னினால் சேவல் நெருங்காது. தலையும் கழுத்தும் ஒழுங்காக வர்ணம் பூசப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் வான்கோழி இன்னொரு வான்கோழியின் தலையைத்தான் முதலில் பார்க்கிறது. நுரைப் பொம்மை மடிந்து நசுங்கியிருந்தால் முந்தின நாளே விரித்து வெயிலில் வையுங்கள். குழி விழுந்த முதுகு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்துவிடும்.

4. தூக்கிப் போகும்போது

மற்ற எதையும் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். பொம்மை சேவலை ஏமாற்றுகிறது என்றால் இன்னொரு வேட்டைக்காரரையும் ஏமாற்றும்.

பொம்மை எப்போதும் பைக்குள்தான், தலை வால் எதுவும் வெளியே தெரியக் கூடாது. பைக்கு மேல் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். பிள்ளையின் உடையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கூடாது. சேவலின் தலை நிறங்கள் அவைதான். காலுறை, உள்சட்டை, தொப்பியின் உட்புறம், கைக்குட்டை எல்லாவற்றையும் முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

தோகை விரித்த பொம்மையோ வால் விசிறியோ முன்னால் பிடித்துக்கொண்டு சேவலை நோக்கித் தவழ்ந்து போகும் முறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது மனிதர் என்று தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. பிள்ளையோடு அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பொதுநிலத்தில் தோகை விரித்த பொம்மையை நடவே வேண்டாம் என்பேன்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது வேறொரு வேட்டைக்காரர் தென்பட்டால் கையை ஆட்டாதீர்கள், வான்கோழிக் குரலும் கொடுக்காதீர்கள். உரத்த மனிதக் குரலில் “இங்கே ஆள் இருக்கிறோம்” என்று ஆங்கிலத்தில் கத்துங்கள். சேவல் ஓடிவிடும். ஓடட்டும்.

5. வீட்டில் ஒத்திகை

இரண்டு பொம்மையையும் புல்வெளியில் உங்கள் தூரத்தில் நட்டு, பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, துப்பாக்கியைத் தாங்கு காலில் வைத்துப் பழக்குங்கள். அக்கம்பக்கத்தார் பார்க்கிற இடம் என்றால் ஒரு குச்சி போதும். தோட்டா வீட்டுக்குள் பூட்டில் இருக்கட்டும். பழக வேண்டியவை: சத்தமில்லாமல் கன்னத்தைக் கட்டையில் வைப்பது, தலை மட்டும் திரும்பாமல் துப்பாக்கியோடு சேர்ந்து திரும்புவது, நீங்கள் சொல்லும்வரை சேஃப்டியை (விசையைத் தடுக்கும் பூட்டு) தொடாமல் இருப்பது.

சொற்களை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் தமிழில்தான் கிசுகிசுப்போம் என்பதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். “சுடு”, “சுடாதே” இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. காதடைப்பு மாட்டிய பிள்ளைக்கு முதல் எழுத்து மட்டும் கேட்டால் ஆபத்து. நிறுத்துவதற்குப் “பொறு” என்ற ஒரே சொல். சேஃப்டியை எடுப்பதற்கு “திற”. சுடுவதற்கு “இப்போ”. மூன்று சொல், மூன்றும் காதில் வேறு வேறாக விழும்.

எங்கே சுட வேண்டும் என்பதையும் பொம்மையில் தொட்டுக் காட்டுங்கள். கழுத்தின் சிவப்புச் சதை முடிந்து இறகு தொடங்கும் இடம். உடம்பில் சுட்டால் தடித்த இறகும் மார்புச் சதையும் ரவையைத் தாங்கிக்கொள்ளும். பறவை காயத்தோடு பறந்து போய் எங்கோ கிடந்து சாகும். இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏன் பொறுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்தால்தான் பொறுக்கும்.

6. இடமும் மறைவுக் கூடாரமும்

வான்கோழி கிட்டத்தட்ட 270 பாகை சுற்றளவைத் தலை திருப்பாமலே பார்க்கும், நிறமும் தெரியும். மோப்பம் பெரிய விஷயமில்லை. அசைவுதான் எல்லாம். பிள்ளை அசையாமல் இருக்காது. இருக்கச் சொல்லி அதட்டுவதும் நியாயமில்லை. ஆகவே கூடாரம் வாங்குங்கள். திடீரென்று முளைத்த கூடாரத்தை மான் சந்தேகிக்கும், வான்கோழி அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. முடிந்தால் ஒரு நாள் முன்பே அடித்து வைத்துவிடுங்கள்.

பின் சன்னல்களையும் பக்கச் சன்னல்களையும் மூடுங்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் உள்ளே அசையும் உருவம் முன்னாலிருந்து தெரியும். உள்ளே இருட்டாக இருப்பதால் இருவரும் கறுப்பு மேல்சட்டை போடுங்கள், கேமோ (காட்டு நிற உடை) தேவையில்லை. முகத்துக்கும் கைக்கும் கறுப்புத் துணி.

பறவைகள் இரவில் அடையும் மரங்களை முந்தின மாலையே தூரத்திலிருந்து கவனியுங்கள். இருட்டும் நேரத்தில் இறக்கை அடிப்பும் கூவலும் கேட்கும். அங்கிருந்து 150 கஜத்துக்கு அப்பால், அவை இறங்கி வரும் திறந்த வெளியின் ஓரத்தில் கூடாரம் இருக்கட்டும். மிக நெருங்கினால் இருட்டில் நீங்கள் வரும் சத்தத்திலேயே பறந்துவிடும். நடுவில் ஓடையோ கம்பி வேலியோ ஆழமான பள்ளமோ இருக்கக் கூடாது. அவற்றைச் சுலபமாகத் தாண்டக்கூடிய பறவைதான்; ஆனாலும் அந்த ஓரத்திலேயே நின்றுவிடும்.

கூடாரத்தின் முதுகு கிழக்கே இருந்தால் நல்லது. உதிக்கும் சூரியன் பிள்ளையின் கண்ணில் அடிக்காது, சேவலின் கண்ணில்தான் அடிக்கும். பொம்மைகளும் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

7. விடிவதற்கு முன் செய்யும் வரிசை

சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கூடாரத்தில் இருங்கள். ஏப்ரலில் மிசௌரியில் உண்ணி அதிகம். உடைக்குப் பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து தெளித்துக் காய வைத்திருக்க வேண்டும்.

முதலில் பிள்ளையை உள்ளே உட்கார வையுங்கள். நாற்காலி, தாங்கு கால், தண்ணீர், உறை கழற்றிய தின்பண்டம் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில். துப்பாக்கி இன்னும் உறையில்தான், தோட்டா உங்கள் சட்டைப் பையில்தான். பிறகு நீங்கள் மட்டும் வெளியே போய்ப் பொம்மைகளை நடுங்கள். இருட்டில் பிள்ளையைக் கூடவே அழைத்துப் போனால் டார்ச் அங்குமிங்கும் அலையும், பேச்சு வரும், மரத்தில் இருக்கும் பறவை கேட்டுவிடும். பொம்மை நடப் பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் அதை முந்தின மாலை ஒத்திகையில் முழுதாகச் செய்யவிடுங்கள்.

நட்டு முடித்துத் திரும்பி, காதடைப்பு மாட்டி, சட்டப்படி சுடும் நேரம் தொடங்கியதும் துப்பாக்கியில் தோட்டா போடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

8. பொம்மைகளை நடுவது

இந்த வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

தூரம். இரண்டாம் பகுதியில் கிடைத்த அளவை அடி வைத்து எண்ணுங்கள், அல்லது தூரமானியால் பகலிலேயே அளந்து தரையில் ஒரு கல் வைத்திருங்கள். இருட்டில் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் தப்பாகத்தான் போகிறது.

ஜேக் பொம்மை. 18 கஜம் என்று வைத்துக்கொள்வோம். அதன் முகம் கூடாரத்தைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் இயல்பாக இதற்கு நேரெதிராகச் செய்வார்கள். பறவை காட்டைப் பார்த்து நின்றால் இயற்கையாக இருக்கும் என்று தோன்றும். சண்டைக்கு வரும் சேவல் எதிரியின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பொம்மை உங்களைப் பார்த்து நின்றால், நிஜச் சேவல் சுற்றி வந்து பொம்மைக்கும் உங்களுக்கும் நடுவில், முதுகை உங்களுக்குக் காட்டி நிற்கும். அப்போது அது தோகை விரித்தால் அதன் வாலே அதன் பார்வையை மறைக்கும். பிள்ளை துப்பாக்கியைச் சரி செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பெட்டைப் பொம்மை. ஜேக்கிலிருந்து மூன்று நான்கு எட்டு தள்ளி, முதுகு கூடாரத்தின் பக்கம் இருக்கும்படி, சற்றுச் சாய்வாக. பெட்டையைச் சேவல் பின்புறமாக அணுகும். ஆக ஜேக் முன்புறத்தால் இழுப்பதும் பெட்டை பின்புறத்தால் இழுப்பதும் ஒரே இடத்துக்குத்தான். அந்த இடம் பிள்ளையின் சன்னலுக்கு நேரே 15, 16 கஜத்தில் அமையும்.

எந்தப் பக்கம். வலது கைப் பிள்ளை துப்பாக்கியை இடப்பக்கம் திருப்புவது சுலபம், வலப்பக்கம் கடினம். ஆகவே பொம்மைகள் சன்னலின் நேர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் இடப்புறம் தள்ளி இருக்கட்டும். இடது கைப் பிள்ளைக்கு நேர்மாறு. கூடாரத்தைத் தாண்டிப் போனால்தான் பொம்மையிடம் சேர முடியும் என்ற நிலையும் சேவலுக்கு வரக் கூடாது. அது வரும் திசைக்கும் கூடாரத்துக்கும் நடுவில் பொம்மை இருக்க வேண்டும்.

காற்று. லேசான அசைவு நல்லது, சுழல்வது கெடுதல். உச்சியில் ஆணி வைத்த பொம்மை பலமான காற்றில் முழு வட்டம் சுற்றும். எந்தப் பறவையும் அப்படிச் சுற்றாது, சேவல் ஓடிவிடும். வால் பக்கம் இரண்டு குச்சிகளை ஒரு சாண் இடைவெளியில் நட்டால் வால் அவற்றுக்குள் மட்டும் ஆடும். முகம் இருக்கும் திசையும் மாறாது.

உயரம். ஏப்ரலில் கோதுமைப் பயிரும் புல்லும் முழங்காலைத் தொடும் வயல்கள் உண்டு. பொம்மையின் உடம்பு மறைந்து தலை மட்டும் தெரிந்தால், விழிப்பாக எட்டிப் பார்க்கும் பறவை என்று சேவல் எடுத்துக்கொள்ளும். மேடான, புல் குறைந்த இடம் தேடுங்கள்.

நட்டு முடித்ததும் கூடாரத்துக்குள் போய், பிள்ளையின் நாற்காலியில் அதன் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை பாருங்கள். உங்கள் கண் உயரத்தில் தெரிகிற பொம்மை பிள்ளையின் உயரத்தில் சன்னல் விளிம்புக்குக் கீழே போயிருக்கலாம். பிறகு பிள்ளையிடம் ஒரே விதி சொல்லுங்கள்: ஜேக் பொம்மையைத் தாண்டி நிற்கிற எதையும் சுட வேண்டாம்.

9. சேவல் தென்பட்ட பிறகு

விடிந்ததும் மெதுவாகப் பெட்டையின் குரலைக் கொடுங்கள். மரத்தில் இருக்கும்போதே ஆர்ப்பாட்டமாகக் கூப்பிட்டால் சேவல் இறங்காமல் பெட்டை தன்னிடம் வரட்டும் என்று காத்திருக்கும். பொம்மையைப் பார்த்துவிட்டு வரத் தொடங்கிய சேவலுக்குக் குரலே வேண்டாம். கண் பார்த்துவிட்டது, பொம்மை தன் வேலையைச் செய்யும். பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சேவல் ஒவ்வொரு முறையும் குரல் வந்த திசையைப் பார்க்கும். அந்தத் திசையில் இருப்பது பிள்ளை.

பிள்ளைக்கு மூச்சு வாங்கும், கால் நடுங்கும். “மெதுவா மூச்சு விடு கண்ணு, நேரம் இருக்கு” என்று சொல்லுங்கள். உண்மையிலேயே நேரம் இருக்கும். சேவல் பொம்மையைச் சுற்றி வந்து இறகை உரசி நடக்கும், கொத்தும், ஏறி மிதிக்கவும் செய்யும். அந்த ஆட்டம் தொடங்கியதும் துப்பாக்கியைச் சன்னலுக்குக் கொண்டு வாருங்கள். அதன் தலை வாலுக்குப் பின்னாலோ மரத்துக்குப் பின்னாலோ போகும் நொடிகளில் மட்டும் அசையலாம்.

10. சுடும் தருணம்

தோகை விரித்து நிற்கும் சேவலின் கழுத்து உடம்புக்குள் ஒடுங்கி இருக்கும். பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் அப்போது சுடக் கூடாது. “பொறு.” வாயாலோ கருவியாலோ ஒரு கூர்மையான கொக்கரிப்பு கொடுத்தால் தோகையை மடித்துத் தலையை உயர்த்தும். அதன் பின்னால் வேறு பறவை இருக்கிறதா, அதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் பாருங்கள். இந்தப் பொறுப்பு பெரியவருடையது, பிள்ளையிடம் தள்ளிவிட வேண்டாம். சேவல் பொம்மையோடு ஒட்டி நின்றால் கொஞ்சம் விலகும்வரை காத்திருங்கள். பொம்மையில் நாலு ரவை பட்டால் பரவாயில்லை என்றும் பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள். புதுப் பொம்மை கெட்டுவிடுமே என்று தயங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

“கழுத்து தெரியுதா?” என்று கேளுங்கள். தெரிகிறது என்று பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகுதான் “திற”. அப்புறம் “இப்போ”.

பிள்ளை சுட மறுக்கலாம். கண் முன்னால் நின்று நடக்கிற பறவையைப் பார்த்ததும் மனம் மாறுவது இயல்பு. தோட்டாவை எடுத்துவிட்டு இருவருமாகச் சேவலைப் பாருங்கள். வற்புறுத்திச் சுட வைத்தால் அந்தப் பிள்ளை மறுபடி உங்களோடு வராது.

11. சேவல் வரத் தயங்கினால்

60 கஜத்தில் நின்று தோகையை விரித்துக்கொண்டு ஓரடியும் முன்னே வராத சேவலைச் சீக்கிரமே சந்திப்பீர்கள். இயற்கையில் பெட்டைதான் சேவலிடம் போகும். பொம்மைப் பெட்டை அசையாமல் நிற்பதைப் பார்த்து அது குழம்புகிறது. அன்று காத்திருப்பது தவிர வழி குறைவு. மறுநாள் பொம்மைகளை ஒரு மேட்டுக்கு இப்பாலோ காட்டுப் பாதையின் வளைவுக்கு இப்பாலோ வையுங்கள். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் சேவல் உங்கள் தூரத்துக்குள் வந்தே ஆக வேண்டும்.

ஜேக்கைப் பார்த்ததும் திரும்பிப் போனால் அது அடி வாங்கிய சேவல். ஜேக்கை எடுத்துவிட்டுப் பெட்டையை மட்டும் விடுங்கள். பருவத்தின் பின்பகுதியில் வழக்கமான நாட்களில் போகும்போதும் இதையே செய்வது நல்லது, அதற்குள் பல சேவல்கள் சண்டையில் சலித்திருக்கும். நிஜப் பெட்டைகள் கூட்டமாகச் சேவலை இழுத்துக்கொண்டு போனால், பெட்டைகளை நோக்கிக் கூப்பிடுங்கள். தலைமைப் பெட்டை பொம்மையை விரட்ட வரும், சேவலும் பின்னால் வரும்.

பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் போதும். தூக்கம், பசி, குளிர் எது வந்தாலும் அன்றைய வேட்டை முடிந்தது.

12. சுட்ட பிறகு

வெடிச் சத்தத்துக்குப் பின் பிள்ளை எழுந்து ஓடப் பார்க்கும். உட்கார வையுங்கள். சேஃப்டியைப் பூட்டி, துப்பாக்கியை நீங்கள் வாங்கி, தோட்டாவை எடுங்கள். பறவை இன்னும் எழ முயல்கிறதா என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். அடிபட்ட சேவல் சிறகடித்துக் காலை உதைக்கும், கால் முள் ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கலாம், கையைக் கிழித்துவிடும். ஆகவே நீங்கள் முன்னே போங்கள். அசைவு முழுக்க நின்ற பிறகு பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

அனுமதிச் சீட்டில் குறியிட்டு, அன்றிரவு 10 மணிக்குள் டெலிசெக்கில் (மாநிலத்தின் வேட்டைப் பதிவு முறை) பதிவு செய்ய வேண்டும். பறவையைத் தூக்கிப் போகும்போதும் தலையையும் வாலையும் ஆரஞ்சுத் துணியால் மூடுங்கள்.

பொம்மைகளை எடுக்கப் போகும் முன் வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றும் பார்த்து, நடக்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். ஜேக்கின் தலையைப் பையில் முதலில் திணியுங்கள், உடம்பு பிறகு. வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் ஈரம் போக உலர்த்தி, ரவை பட்ட ஓட்டைகளைப் பளபளக்காத வர்ணத்தால் மூடி, நசுங்காமல் உள்ளே துணி அடைத்து வையுங்கள்.